வெட்டுப்படாத சட்டை

எங்கள் வேட்டைக் குடிசையில் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. மானைச் சுட்டுக் குறி தவறியவன் அன்று மாலை தன் சட்டையின் பின்பக்க நுனியை வெட்டக் கொடுக்க வேண்டும். வெட்டிய துண்டில் பெயரும் வருஷமும் எழுதி, அடுப்புக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டுவோம். பால் லாரி ஓட்டும் ரோலியின் துண்டுகள் பதினொன்று இருக்கின்றன. ஒரு சிறு குடும்பத்துக்குப் போர்வை தைக்கலாம். என்னுடையவை நான்கு. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கிளிஃபோர்டுக்கு இரண்டு. அதில் ஒன்று கண்புரை வந்த வருஷத்தில் நடந்தது என்று துண்டின் ஓரத்திலேயே சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

டெல்மருக்கு ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு நவம்பர்கள், முப்பத்தொரு முழுச் சட்டைகள்.

அவன் குறி தவறாதது எங்களுக்கு உறுத்தவில்லை. கத்தரிக்கோல் அவனிடம் இருந்ததுதான் உறுத்தியது. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்து வருவான். அந்த மனைவி ரோலியின் அக்கா என்பதால், ரோலியின் சட்டையை அவன் சொந்த அக்காவின் கத்தரிக்கோலே பதினொரு முறை வெட்டியிருக்கிறது. வெட்டுவதற்கு முன் டெல்மர் ஒரு சிற்றுரை ஆற்றுவான். குறி தவறுவது கையின் குறை இல்லை, குணத்தின் குறை என்பது அதன் சாரம். ஊரில் அவனுடைய கதவு ஜன்னல் கடை அச்சடிக்கும் காலண்டரிலும் அவன்தான் இருப்பான், மான் கொம்பைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மாதமும்.

அந்த வருஷம் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை பனி இல்லை. விஸ்கான்சினின் வடக்கில் நவம்பர் மூன்றாம் வாரம் பனி இல்லாவிட்டால் வேட்டைக்காரன் பாதிக் குருடன். தரை முழுக்கப் பழுப்பு இலைகள். மேப்பிள் இலையில் இயற்கையாகவே சிவப்புப் புள்ளிகள் வேறு. ஒவ்வொன்றும் ரத்தத் துளி போலவே இருக்கும்.

காலை ஏழே காலுக்கு டெல்மர் மரத்தில் கட்டியிருந்த பரண் பக்கமிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. ஒரே வெடி என்றால் மான் விழுந்தது என்று அர்த்தம். அரை மணி நேரம் பொறுத்து நாங்கள் மூவரும் எங்கள் பரண்களிலிருந்து இறங்கி அங்கே போனோம். மான் எதுவும் விழுந்திருக்கவில்லை. டெல்மர் மட்டும் வேட்டைக்கான ஆரஞ்சு மேலுடுப்பில், தபால் பெட்டி மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"பட்டுச்சா மச்சான்?" என்று ரோலி கேட்டான்.

டெல்மர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுத்து முடித்திருக்கலாம்.

"பட்டுச்சு" என்றான்.

பெரிய ஆண்மானாம். அறுபது தப்படி தூரமாம். குண்டு பட்டதும் துள்ளி ஓடியதாம். எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவன் கை முதலில் சதுப்புக் காட்டைக் காட்டியது. பிறகு கைக்கு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மெல்லத் திரும்பி, பழைய மரம் வெட்டும் பாதையைக் காட்டியது.

மான் நின்ற இடத்தில் மண்டியிட்டுத் தேடினோம். ஒரு முடி இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. கிளிஃபோர்டுதான் எங்களில் மூத்தவர். எந்தத் தகராறிலும் தீர்ப்பு அவருடையது. அடிபட்ட மானைத் தேடாமல் விடக்கூடாது, அதனால் எல்லாரும் இன்றைய வேட்டையை விட்டுவிட்டுத் தேடுவோம் என்றார். ஆனால் எங்கேயும் ரத்தம் தென்படாவிட்டால் குறி தவறியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் பார்வை டெல்மரின் சட்டை நுனியில் ஒரு விநாடி நின்றது. நல்ல கம்பளிச் சட்டை. சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது.

டெல்மர் தான் முன்னே போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். முழங்கால் வலிக்காரன், முப்பது வருஷமாக எதற்கும் முன்னே போகாதவன், கிடுகிடுவென்று போனான். ஐந்து நிமிஷத்தில் அவன் குரல் வந்தது. ரத்தம் கிடைத்துவிட்டது.

ஒரு மேப்பிள் இலையில், சந்தேகமே இல்லாமல், ஈரமான ஒரு துளி. ரோலியின் முகம் தொங்கிப்போனது. குடிசைக் கழிப்பறையிலிருந்து கொண்டு வந்த காகிதச் சுருளில் ஒரு துண்டு கிழித்து அந்த இடத்துக்கு மேலே ஒரு கிளையில் சொருகினோம். ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் இப்படி ஒரு காகிதம் சொருகினால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன வழி தெரியும்.

ஏழாவது காகிதத்தைச் சொருகிவிட்டு நான் திரும்பிப் பார்த்தேன். மான் போன வழி தெரிந்தது.

மிகவும் நாகரிகமான மான். விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போயிருந்தது. சேற்றுக் குட்டையில் கால் வைக்காமல் ஓரமாக நடந்திருந்தது. உட்காருவதற்கு வசதியான ஓர் அடிமரத்தின் பக்கத்தில் மட்டும் நாலைந்து துளிகள் சேர்ந்து விழுந்திருந்தன. அங்கே கொஞ்சம் இளைப்பாறியிருக்கும். குனிந்து பார்த்தேன். துளி இலைமேல் இருந்தது. இலை ஒரு பூட்ஸ் தடத்துக்குள் நசுங்கியிருந்தது. அதாவது முதலில் டெல்மர் நடந்திருக்கிறான், அப்புறம்தான் ரத்தம் விழுந்திருக்கிறது.

ரோலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் விரலால் துளியைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான்.

"டெல்மரோட பிராந்தி வாடை வருதுடா லைலு" என்றான் என்னிடம்.

கிளிஃபோர்டும் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "ஒரு மனுசன் தன் சொந்த ரத்தத்தையே சிந்துறான். வாராவாரம் சர்ச்சுல இதைத்தான நாம பாடிட்டு வரோம்" என்றார்.

அங்கேயே அவன் கையைப் பிடித்து, சட்டையை வெட்டியிருக்கலாம். ஆனால் ரோலிக்குப் பதினொரு வருஷப் பசி. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சுட்ட மானைப் பதிவு செய்ய ஆர்லெட்டின் பாருக்கு ஊரே வரும், அத்தனை பேர் முன்னால் வெட்டுவோம், அதுவரை மூச்சு விடக்கூடாது என்றான். எனக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. கிளிஃபோர்டு தலையாட்டவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எந்த மானையும் தேடியதில்லை. டெல்மர் முன்னால் போக, மூன்று பேரும் பின்னால் போனோம். கொஞ்ச தூரம் போனதும் ரோலி பெருமூச்சு விட்டு, ரத்தம் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறதே, குறி தவறியதாக எடுத்துக்கொள்ளலாமா என்பான். டெல்மர் அவசரமாக ஒரு மரத்துக்குப் பின்னால் போவான். உடனே துளி கிடைக்கும். நான் துளி ரொம்பச் சின்னதாக இருக்கிறது, லேசான காயம்தான் போல என்பேன். அடுத்த துளி பெரியதாக இருக்கும். அவன் இடது கை மேலுடுப்பின் பையை விட்டு வெளியே வரவே இல்லை. முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஒரு சட்டை நுனிக்காக ஒருவன் எவ்வளவு ரத்தம் கொடுப்பான் என்று எங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஒரு கட்டத்தில் எனக்கு இன்னும் நல்ல யோசனை தோன்றியது. வலது பக்கம் சதுப்புக் காடு தெரிந்தது. இடுப்பளவு சேறு, பின்னிக் கிடக்கும் வேர்கள், நல்ல முழங்கால் உள்ளவனே போகத் தயங்கும் இடம்.

"வயித்துல குண்டு பட்ட மான் தண்ணியத் தேடித்தான போகும்? சதுப்புக்குள்ள ஒரு எட்டு பாத்துரலாமா டெல்மர்?" என்றேன்.

"அங்க எதுக்குடா போகணும்? ரத்தம் இங்கல்ல இருக்கு" என்றான்.

ரோலி சிரிப்பை அடக்க இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று.

இரண்டு மணி நேரத்தில் ரத்தத் தடம் பொறுமையாகத் தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்து, குடிசைக்கு நடக்கும் தூரத்தில் முடிந்துபோனது. மான் சாலையோரம் விழுந்திருக்கும், யாரோ வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்று டெல்மர் சொன்னான். இந்தக் காலத்து மனிதர்களின் நேர்மை பற்றியும் கொஞ்சம் வருத்தப்பட்டான். அன்று மாலை சாப்பாட்டின்போது அவன் இடது கட்டைவிரலில் கட்டு இருந்தது. சாசேஜ் நறுக்கும்போது வெட்டிக்கொண்டானாம். சாசேஜை நறுக்கியது நான். அவன் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தேன்.

ஞாயிறு காலை, கிளிஃபோர்டு தன் பரணிலிருந்து இறங்கிக் குடிசைக்கு வந்தார். சதுப்புக்கு மேலே அண்டங்காக்கைகள் சுற்றுகின்றன என்று மட்டும் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் போனோம். டெல்மரும் வந்தான், வராமல் இருக்க அவனிடம் காரணம் இல்லை.

அவன் பரணிலிருந்து இருநூறு தப்படி கூட இருக்காது. சனிக்கிழமை காலையில் அவன் கை முதலில் காட்டிய திசையில், நேராக. போகும் வழியிலேயே மான் படுத்திருந்த இடங்கள் தெரிந்தன. பாசியில் உடம்பளவு பள்ளம், அதில் கறுத்த ரத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் கொஞ்சம் தள்ளி மூன்றாவது. அங்கே பாசி முழுக்கக் கிளறப்பட்டிருந்தது. எழுந்திருக்கப் பலமுறை முயன்றிருக்கிறது. அதற்கப்புறம் தண்ணீர் ஓரம் மான். எட்டுக் கிளைக் கொம்பு. வயிற்றில் குண்டு. பின்தொடையைக் கயோட்டி நரிகள் தின்றிருந்தன.

கிளிஃபோர்டு குனிந்து அதன் கழுத்தில் கை வைத்தார். கால் மூட்டுகளை மடக்கிப் பார்த்தார். "நேத்து முழுக்க உயிரோட இருந்துருக்கு" என்றார்.

அப்போது டெல்மரின் முகத்தை நான் பார்த்தேன். அவன் கெட்டிக்காரன் இல்லை, நடிகனும் இல்லை. அவன் உண்மையாகவே குறி தவறிவிட்டது என்று நம்பியிருந்தான். பட்டுச்சு என்று சொன்ன பொய்க்காகத்தான் விரலை அறுத்துக்கொண்டான். பொய் உண்மையாக இருந்திருக்கிறது. அவன் ஒரு வேரின்மேல் உட்கார்ந்தான். "நான் நெனச்சேன்..." என்று ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்துக்கு மெல்ல ரத்தம் திரும்பியது. அவனிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"பட்டுச்சுன்னு சொன்னேன்ல" என்றான்.

ரோலியால் தாங்க முடியவில்லை. "அப்ப நேத்துப் பாத்த ரத்தம்?"

"எந்த ரத்தம் மச்சான்?"

ரோலி வாயைத் திறந்தான். டெல்மர் அவனைப் பார்த்தான், பிறகு என்னை, பிறகு கிளிஃபோர்டை. கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் ஜன்னலுக்கு அளவு எடுப்பதுபோல நிதானமாகப் பார்த்தான்.

"ரெண்டு மணி நேரம் என் பின்னாடியே வந்தீங்க. ஏதாச்சும் தப்பாத் தோணியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்கல்ல. மானத் தேடத்தான வந்தீங்க."

ரோலி வாயை மூடிக்கொண்டான். சதுப்புக்குள் பார்க்கலாமா என்று கேட்டது நான்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் குறிப்பிடவில்லை. நானும் குறிப்பிடவில்லை. அதை நான் என்ன தொனியில் கேட்டேன் என்பது நால்வருக்கும் தெரியும்.

மானைக் கயிற்றில் கட்டிச் சேற்றிலிருந்து மூன்று பேர் இழுத்தோம். டெல்மரால் முடியாது, முழங்கால், கட்டைவிரல். வழியில் எங்கே வேர், எங்கே பள்ளம் என்று அவன் சொல்லிக்கொண்டு வந்தான்.

மாலையில் ஆர்லெட்டின் பார் வாசலில் மான் ஏற்றி வந்த பிக்கப் லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே தொலைக்காட்சியில் கால்பந்து. டெல்மர் கையில் பிராந்திக் கோப்பையுடன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் கதைக்கு ஒட்டுப்போட்டு முடித்திருந்தான். மான் அடிபட்டதும் பாதையோடு தார்ச்சாலை வரை போனதாம், அங்கே வண்டிகளைக் கண்டு மிரண்டு, வந்த வழியே திரும்பிச் சதுப்புக்குள் போய் விழுந்ததாம். வயிற்றில் குண்டோடு அவ்வளவு தூரம். இப்படி ஒரு வைராக்கியமுள்ள மானைத் தான் பார்த்ததே இல்லையாம். யாரோ நம்ப முடியாமல் எங்களைப் பார்த்தார்கள். சாலை வரைக்கும் ரத்தம் இருந்தது உண்மைதான் என்று நான் சொன்னேன். ரோலியும் ஆமாம் என்றான். கத்தரிக்கோல் குடிசையிலேயே இருந்தது. கட்டம் போட்ட கம்பளிச் சட்டை முப்பத்திரண்டாம் வருஷமும் முழுசாக அவன் கால்சட்டைக்குள் சொருகியிருந்தது.

ஆர்லெட் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் லாரியில் ஏறி, மானின் காலில் உலோகப் பட்டையை மாட்டினாள். நாங்களும் வெளியே வந்து நின்றோம். நரி தின்ற தொடையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குண்டு பட்டப்புறம் எவ்வளவு நேரம் உயிரோட கெடந்துச்சு, பாவம்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த டெல்மர் கோப்பைக்குள் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். ரோலி ஜன்னல் வழியாகக் கால்பந்து பார்க்க ஆரம்பித்தான். நான் லாரியின் பின்கதவுக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன்.

"உடனே போயிருச்சு ஆர்லெட்" என்றார் கிளிஃபோர்டு. தேவாலயத்தில் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்கிற அதே குரல்.

ஆர்லெட் தலையாட்டி, சீட்டில் பட்டையின் எண்ணை எழுதிக்கொண்டு, அடுத்த லாரியை முன்னால் வரச்சொன்னாள்.