அண்ணியின் இடப்பக்கம்

அண்ணி என்பது அவள் பெயரல்ல. கணவனின் தங்கை அப்படிக் கூப்பிட்டாள். தெருவும் சபையும் அதையே பிடித்துக்கொண்டன. அவளைவிட மூத்தவரான போதகர்கூட, "அண்ணி, பாடகர் குழு அங்கியெல்லாம் தச்சாச்சா?" என்றுதான் கேட்பார்.

ஆனால் முதலில் அப்படிக் கூப்பிட்டவளோடு மட்டும் அண்ணிக்கு இப்போது பேச்சு அளவோடுதான். காரணம், அண்ணியின் கடைக்கு எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு போட்ட இன்னொரு தையல் கடை. நாத்தனாருக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தவள் அண்ணி. கத்தரி பிடிப்பது, கழுத்து வெட்டுவது, வெளியே தெரியாமல் ஜிப் வைப்பது, எல்லாமே அண்ணி சொல்லிக்கொடுத்ததுதான். ஒரே அறையில் இரண்டு மெஷினும் எதிரெதிராக ஓடிய நாட்களில் இருவரும் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துப் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு நாத்தனார் தனிக்கடை போட்டாள். அதில் தப்பில்லை. போட்ட கடை ஓடியதுதான் தப்பு.

"வளத்த கடா மார்ல பாஞ்சிருச்சு," என்பாள் அண்ணி, கணவரிடம்.

"அது கடா இல்லம்மா, என் தங்கச்சி," என்பார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடியும்.

அண்ணி பொல்லாதவள் அல்ல. யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். இருந்தும் எதிர்க்கடைக் கதவின் மணி கிணுங்கும்போதெல்லாம் அவள் மெஷின் நின்றுவிடும். போவது யார், கையிலிருக்கும் துணி என்ன, நேற்றுவரை தன்னிடம் வந்த ஆளா என்று பார்த்து முடித்த பிறகே கால் மறுபடியும் மிதிக்கும். யாராவது அதைப் பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். அவள் அதற்கு வருத்தம் என்று பெயர் வைத்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் சபையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வட்டமாக நாற்காலி போட்டு, கைகோத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்தில் இருப்பவருக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அண்ணி அதற்கும் ஒரு வழி கண்டிருந்தாள். தன் வலப்பக்கத்தில் எப்படியாவது நர்ஸை இழுத்து உட்கார வைத்துக்கொள்வாள். நாத்தனாரோ வந்ததும் வராததுமாக அண்ணியின் இடப்பக்கம் வந்து உட்காருவாள். அதனால் வாராவாரம் நாத்தனார் அண்ணிக்காக ஜெபிப்பாள். அண்ணி நாத்தனாருக்காக ஜெபிக்க வேண்டியதில்லை. "அண்ணி கடைக்கு நிறையப் பேர் வரணும் ஆண்டவரே," என்று அவள் வேண்டும்போது அண்ணி ஒற்றைக் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்ப்பாள். குத்திக்காட்டுகிறாளோ என்று ஒரு சந்தேகம்.

அந்தப் புதன்கிழமை, ஜெபத்துக்கு முன் அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு வீடு மாற வேண்டும். ஒருவர் மகளுக்குப் பரீட்சை. நாத்தனார் முறை வந்தபோது அவள் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கை மரத்துப் போகுது. நரம்பு அமுங்கியிருக்காம். வர்ற வாரம் ஆபரேஷன். அப்புறம் ஊசி பிடிக்க முடியுமான்னு டாக்டருக்கே உறுதியாச் சொல்லத் தெரியல."

எல்லோரும் "அச்சச்சோ" என்றார்கள். அண்ணியும் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் வாயில் வருவதற்குள் உள்ளே ஒன்று துள்ளியிருந்தது. சந்தோஷம். சுத்தமான சந்தோஷம்.

அண்ணி பயந்துபோனாள். பொறாமையில் தம்பியை வயலுக்குக் கூட்டிப்போய்க் கொன்ற அண்ணன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அவனுக்கும் ஆரம்பத்தில் இவ்வளவுதான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் போதகரின் மனைவி, "இன்னைக்கு இடது பக்கம் இருக்கிறவங்களுக்காக ஜெபிப்போம்," என்றாள். "ஒரே ஆளுக்கு ஜெபிச்சு ஜெபிச்சு எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

சிரிப்பு எழுந்தது. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபம் ஒவ்வொருவராகச் சுற்றி அவளிடம் வந்து நின்றது. இடது கைக்குள் நாத்தனாரின் வலது கை கிடந்தது. அது பற்றிக்கொள்ளவில்லை, சும்மா கிடந்தது.

"எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்," என்று ஆரம்பித்தாள். "உம்முடைய பிள்ளையின் கையை..." அதற்கு மேல் ஓடவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாளோ அவருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் போய் இந்தக் கைக்குச் சுகம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆண்டவரே," என்றாள், குரல் வேறாகி. "இவ கை மரத்துப் போச்சுன்னு சொன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

வட்டத்தில் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது.

"இனிமே எல்லாரும் என்கிட்டயே வருவாங்கன்னு தோணுச்சு. அந்த மணிச் சத்தம் கேக்காதுன்னு தோணுச்சு. நான் பிடிச்சுப் பழக்கின கை ஆண்டவரே இது. இதைப் போயி... எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. பொறாமைதான். என்னை மன்னிச்சிரும். இவளுக்காக ஜெபிக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆ..."

சொல்லிக்கொண்டே கையை உருவப் பார்த்தாள். வலது கையில் பிடிக்கப் பலமில்லாத நாத்தனார், பக்கத்தில் இருந்தவரிடமிருந்து இடது கையை விடுவித்துக்கொண்டு வந்து, அண்ணியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"ஆமென் சொல்லிராதீங்க அண்ணி," என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அந்தக் குரல். "மன்னிப்பெல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டீங்க. என் கை இன்னும் பாக்கியிருக்கே?"

அண்ணி அவளைப் பார்த்தாள். பயந்த முகம். முதன்முதலில் மெஷினில் உட்கார்ந்தபோது இருந்த அதே முகம். கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை மூட மறந்து, அந்த மரத்த கையைத் தன் மடிக்கு இழுத்தாள். அதன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இது கத்தரி பிடிக்கிற விரல்," என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவள் சுண்டுவிரலுக்கு வந்து சேரும்வரை யாரும் ஆமென் சொல்லவில்லை.