ஆங்காங்கே பூச்சி அரிப்பு

பலகைத் தரை உடைந்து விழுந்தபோது றம்ஸியா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பின்னறையில் அவள் கணவனின் தங்கை ரபீக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடும் சத்தம் சட்டென்று நின்றது. மரம் முறியும் சத்தம் கேட்டது. பிறகு ரபீக்காவின் குரல் வந்தது, அறைக்குள்ளிருந்து அல்ல, தரைக்கு அடியிலிருந்து.

றம்ஸியா ஓடிப் போய்ப் பார்த்தாள். அறையின் நடுவில் பெரிய பொத்தல். மெஷினோடும் முக்காலியோடும் ரபீக்கா அதற்குள் போய்விட்டிருந்தாள். தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குப் போகும் பாதையோரத்தில், மலைச்சரிவில் கட்டிய வீடு அது. முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் இருக்கும். பின்பக்கம் கல்தூண்கள் மேல் நிற்கும். பின்னறைக்குக் கீழே ஒரு நிலவறை போன்ற இடம். அங்கே பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன தேயிலைப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அந்தப் பெட்டிகளின் மேல்தான் ரபீக்கா விழுந்து கிடந்தாள். மெஷினின் இரும்புக் கால் அவளுடைய வலது கணுக்காலை நசுக்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் நடை பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரபீக்காவுக்குக் கம்பளையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். அங்கிருந்து ஆள் வந்தது. பிள்ளை நல்லா நடக்கட்டும், பிறகு நாள் குறிப்போம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனது.

தரையைப் பிரித்துப் பார்க்கத் தச்சர் பழனியாண்டி வந்தார். தரையைத் தாங்கிய, முறிந்த விட்டத்தை அவர் கையால் அழுத்தியதும் அது பிட்டுப் போல உதிர்ந்தது. உள்ளே முழுக்க மண். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய்க் கறையான் நெளிந்தது. கல்தூணிலிருந்து விட்டம் வரை விரல் தடிமனில் மண்புற்று கோடுகோடாய் ஏறியிருந்தது. இது நேற்று முந்தாநாள் வந்ததில்லை, பல வருடமாகத் தின்கிறது என்று சொல்லிவிட்டு அவர் முட்டுக்கொடுக்க மரம் தேடிப் போனார்.

றம்ஸியா நேரே அலமாரிக்குப் போய் அந்த அறிக்கையை எடுத்தாள். வீடு வாங்குவதற்கு முன் கணேசமூர்த்தியை வைத்துப் பார்த்து எழுதி வாங்கியது. கணேசமூர்த்தி தோட்டங்களில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். டவுனில் யார் வீடு வாங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அறிக்கையில் கூரைத் தகரம், புகைபோக்கி, தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் இருந்தது. மரத்தைப் பற்றி இரண்டே வரி: "மரவேலைகளில் ஆங்காங்கே பூச்சி அரிப்பின் அடையாளங்கள் உண்டு. கட்டடத்தின் வயதுக்கு இது வழமையானதே."

அன்றைக்கு இந்த வரிகளைக் கணவன் மஃறூபுக்கு வாசித்துக் காட்டியவளே அவள்தான். வழமைதானாம், பயமில்லை, வாங்குவோம் என்று சொன்னவளும் அவள்தான். மஃறூபுக்குத் தன் கடைக்கு மேலேயே இருந்துவிடலாம் என்ற எண்ணம். ரபீக்கா மெஷின் போட்டுத் தைக்க வெளிச்சமான அறை வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். 

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அல்லாஹ்வின் நாட்டம், உயிர் தப்பியதே பெரிது. முதல் இரண்டு பேருக்கு றம்ஸியா தலையாட்டினாள். மூன்றாவதாக மஃறூபின் பெரியம்மா சொன்னபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"கறையான் அல்லாஹ் படச்சது மாமி. இந்த ரெண்டு வரிய எழுதினது மனுசன்" என்றாள்.

பெரியம்மாவுக்கு முகம் சுருங்கியது. மஃறூப் றம்ஸியாவை உள்ளே அழைத்துப் போய், இப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். நாலு பேரும் வந்து போகிற இடம், யாரிடமும் முகம் கோணக்கூடாது என்று நினைப்பவன். கணேசமூர்த்தியும் அவனுடைய கடையில்தான் சாமான் வாங்குகிறார்.  அன்று முழுக்க றம்ஸியா சட்டிபானைகளை வைத்த சத்தத்தில் வீடு அதிர்ந்தது.

கணேசமூர்த்தி தானாகவே வந்தார். கையில் நுவரெலியாப் பேரிக்காய் ஒரு பை. ரபீக்காவின் கட்டிலருகே நின்று உண்மையாகவே கண் கலங்கினார். அது றம்ஸியாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

முன்னறையில் மஃறூபுடன் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி அவர் பேசினார். திரைக்குப் பின்னால் நின்று றம்ஸியா கேட்டாள். பாவம் சின்னப்பிள்ளை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் மொதலாளி, நான் எழுதித்தானே குடுத்தேன்? பூச்சி அரிப்பு இருக்குன்னு தெளிவாப் போட்டிருக்கேனே" என்றார்.

வேற்று ஆண்கள் இருக்கும்போது றம்ஸியா முன்னறைக்கு வருவதில்லை. அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைத் தள்ளி வெளியே வந்தாள். கையில் அறிக்கை.

"பூச்சின்டா என்ன பூச்சி?" என்று கேட்டாள்.

கணேசமூர்த்தி திடுக்கிட்டு எழுந்தார். பூச்சி என்றால் எல்லாம் அடங்கும், வண்டும் பூச்சிதான், கறையானும் பூச்சிதான் என்றார். உயிரோடு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தீர்களா, எப்போதோ தின்றுவிட்டுப் போன ஓட்டையைப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். ஜன்னல் சட்டத்தில் பழைய வண்டு ஓட்டை பார்த்ததாக அவர் சொன்னார். பின்னறைக்குக் கீழே போனீர்களா என்று கேட்டாள். அங்கே வாசல் வரைக்கும் பெட்டி அடுக்கியிருந்தது, போக வழியில்லை என்றார்.

"போகல்லண்டு ஏன் எழுதல்ல?"

அவர் மஃறூபைப் பார்த்தார். மஃறூப் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியெல்லாம் எழுதினா வாங்க வர்றவங்க பயந்துருவாங்கம்மா" என்றார் கணேசமூர்த்தி.

"பயப்பட வேண்டியதுக்குப் பயப்படத்தானே உங்களக் கூப்பிட்டது" என்றாள் றம்ஸியா. "பயமில்லாம வாங்குறதுக்கு நீங்க எதுக்கு? புரோக்கரே போதுமே."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடம் தோட்டத் துரைமாருக்கு ரிப்போர்ட் எழுதியவன், ஒரு துரையும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பக்கத்து வீட்டுக்கும் இதே வசனத்தைத்தான் போன வாரம் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

பக்கத்து வீடு என்றால் ஒரே சொந்தக்காரர் ஒரே காலத்தில் கட்டிய இரட்டை வீட்டில் மற்றது. அதே கல்தூண், அதே பலகைத் தரை. அதை வாங்கப் போகிறவர் பஸாரில் தையல்கடை வைத்திருக்கும் அழகுமுத்து. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தும் நாடற்றவராக இருந்தவர். போன வருடம்தான் பிரஜாவுரிமைக் கடதாசி கைக்குக் கிடைத்தது. அந்தக் கடதாசி வந்ததும் அவர் மனைவி நாகலெட்சுமி செய்த முதல் காரியம், சொந்தமாய் ஒரு வீடு என்று கிளம்பியதுதான்.

றம்ஸியா அப்படியே தையல்கடைக்குப் போனாள். நாகலெட்சுமி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"எங்கள வாங்க விடாம உங்க ஆளுங்களுக்கு முடிக்கப் பாக்குறீங்களா மொதலாளியம்மா?" என்று கேட்டாள்.

றம்ஸியாவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். வந்து எங்கள் பின்னறையைப் பாருங்கள், பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றாள். நாகலெட்சுமி வந்தாள். பொத்தலின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த ரபீக்காவைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் புருஷனை அழைத்து வந்தாள்.

அழகுமுத்து கணேசமூர்த்தியின் வீட்டு வாசலில் போய் நின்று, கீழே இறங்கிப் பார்க்காமல் எழுதிய கடதாசி எனக்கு வேண்டாம், வந்து பாருங்கள் என்றார். கணேசமூர்த்தியால் வராமல் இருக்க முடியவில்லை. அதற்குள் விஷயம் பஸார் முழுக்கப் பரவியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டின் அடியிலும் அதேபோல அடுக்கிக் கிடந்த தேயிலைப் பெட்டிகளை அழகுமுத்துவும் பழனியாண்டியும் இழுத்து வெளியே போட்டார்கள். கணேசமூர்த்தி டார்ச்சையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். றம்ஸியா வாசலில் நின்றாள். உள்ளே விட்டங்களைக் குத்திப் பார்க்கும் சத்தம் ஒவ்வொன்றாய்க் கேட்டது. கட்டையான, கெட்டியான சத்தம்.

அவர் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் ஒட்டடை. முகத்தில் மட்டும் ஒரு தெம்பு. மரம் முழுக்க நல்ல மரம், கறையான் இல்லை என்றார். இரண்டு விட்டங்களில் வண்டு துளைத்த பழைய ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன, தூள்கூட உதிரவில்லை, எப்போதோ செத்துப்போனது. பழனியாண்டியும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றார்.

நாகலெட்சுமி றம்ஸியாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த நாலு நாளும் அவள் தூங்கவில்லை. புரோக்கரிடம் வீடு வேண்டாம் என்றுகூடச் சொல்லியனுப்பியிருந்தாள். "சும்மாவே எங்க வயித்துல புளியக் கரைச்சிட்டீங்களே" என்றாள். அழகுமுத்து அவள் கையைப் பிடித்து அடக்கினார்.

"பாத்தீங்களாம்மா? நான் எழுதினது சரிதானே" என்றார் கணேசமூர்த்தி.

 அந்த வீடும் இற்றுப்போயிருக்க வேண்டும் என்று தன் மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டதை றம்ஸியா உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் கோபத்தை அணைக்கவில்லை. எங்கே குத்த வேண்டும் என்று அதற்குக் காட்டிக்கொடுத்தது.

"சரியா?" என்றாள். குரல் உயரவில்லை. "இந்த வீடு இன்னும் அம்பது வருசம் நிக்கும். எங்கட வீடு ஆறு மாசத்தில உடஞ்சது. ரெண்டுக்கும் ஒரே வசனம். நல்ல மரத்துக்கும் அதே, மண்ணாப் போன மரத்துக்கும் அதே. அத வாசிச்சு நாங்க பயப்படாம வாங்கினோம். அதே வசனத்த நான் சொல்லி இவங்க பயந்து வேணாமிண்டாங்க. அப்ப நீங்க என்னத்தத்தான் எழுதினீங்க?"

 கணேசமூர்த்தி டார்ச்சை அணைத்தார். அதை மறுபடி போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அழகுமுத்துவுக்கு எழுதிக்கொடுத்தார். எந்த விட்டம், என்ன ஓட்டை, எதனால் பழையது என்று தெரிகிறது, எந்த மூலையில் மண் மூடியிருந்ததால் பார்க்க முடியவில்லை. நாகலெட்சுமி அதைப் புருஷனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அந்தப் பார்க்காத மூலையைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் பதிவு என்று அங்கேயே முடிவு சொன்னாள்.

எங்கள் வீட்டுக்கும் அதே மாதிரி எழுதுங்கள் என்றாள் றம்ஸியா. கணேசமூர்த்தி பேனாவை மூடினார். உடைந்த பிறகு எழுதி என்ன பிரயோசனம், தன் கையாலேயே தன் தப்பை எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு ரோட்டுக்குப் போகும் படியில் ஏறினார்.

மஃறூப் அதுவரை படியின் மேலே சும்மா நின்றிருந்தான். அவர் பக்கத்தில் வந்ததும் நகரவில்லை.

"எழுதிட்டுப் போங்க" என்றான்.

கடையில் கடன்காரனிடம்கூட அவன் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. றம்ஸியாவும் கேட்டதில்லை. கணேசமூர்த்தி அவனை விலக்கிப் போகப் பார்த்தார். மஃறூப் கைப்பிடிக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டான்.  என் தங்கச்சி இனி எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியாது, அவள் எதனால் விழுந்தாள் என்றாவது ஒரு கடதாசியில் இருக்கட்டும் என்றான்.

கணேசமூர்த்தி திரும்பி இறங்கினார். அவர்களுடைய வீட்டுக்கு அடியில் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்து எழுதினார். உயிருள்ள கறையான். கல்தூண் வழியாக ஏறியிருக்கிறது. மூன்று விட்டங்கள் பாரம் தாங்கா. முதல் தடவை இந்த இடம் பார்க்கப்படவில்லை. அந்தக் கடைசி வசனத்தின் நடுவில் பேனா நின்றது. பிறகு அதையும் முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து வீட்டின் மூலையில் ஒன்றும் இருக்கவில்லை. அழகுமுத்து குடும்பம் தைப்பொங்கலுக்கு முன் குடிவந்தது. பால் காய்ச்சிய அன்று நாகலெட்சுமி சர்க்கரைப்பொங்கல் கொண்டுவந்தாள். மற்றபடி இரு பெண்களும் ரொம்ப நாள் வரை அளந்துதான் பேசிக்கொண்டார்கள். கணேசமூர்த்தியின் அறிக்கைகள் அதன்பிறகு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று நீண்டதாகவும், புரோக்கர்கள் அவரைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டதாகவும் மஃறூப் கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னான். 

கம்பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். தேத்தண்ணி கொண்டுவர ரபீக்காவையே அனுப்பும்படி கேட்டார்கள். குசினியிலிருந்து முன்னறை வரை அவள் தட்டைப் பிடித்தபடி கால் இழுத்து நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். குடித்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், போனார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

றம்ஸியா கம்பளைக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று முக்காட்டை எடுத்தாள்.

"வேணாம் மதினி" என்றாள் ரபீக்கா. புதுப் பலகை போட்ட அறையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க ஒண்டையும் மறச்சு எழுதல்ல. பாத்தாங்க, புடிக்கல்ல, போனாங்க. நீங்க கோவப்படுறதெண்டா படுங்க. என்ட பேர்ல வேணாம்."

றம்ஸியா முக்காட்டை மடித்து வைத்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. குசினிக்குப் போய் அடுப்பை ஊதினாள்.