ஐந்தாவது விரல்

“மொதல்ல சத்தத்தக் கொறை லீலா, கீழ கடையில ஆளுங்க…”

“கேக்கட்டும். இது யாரு போட்ட தவளை, அத்தச் சொல்லுங்க.”

“நாமதான். மூலையில உம் பேரு இருக்குதில்ல?”

“அதான் கேக்கறேன். எம் பேரு இருக்குது, நான் போடல.”

ஜீவராஜ் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். செஞ்சி கடைத்தெருவின் அந்த மாடியறையில் இருபத்திரண்டு வருடமாகப் புருஷனும் பெண்சாதியும் பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களுக்குப் படம் வரைகிறார்கள். அன்றைக்கு வாங்கிய அதே கம்ப்யூட்டர், அதே சாப்ட்வேர். புதிது புதிதாக எத்தனையோ வந்தும் லீலாவதி மாறவில்லை. பழையதில் ஒரு விசையைத் தட்டினால் வண்ணமெல்லாம் போய், போட்ட கோடு மட்டும் எலும்பாக நிற்கும். அவள் தவளைக்கு இருநூற்றுப் பதினான்கு கோடுகள். இன்று திரையிலிருந்த தவளைக்குத் தட்டினால் கோடு என்று சொல்ல ஒன்றுமில்லை. செத்த பூச்சியில் எறும்பு மொய்த்ததுபோல் ஆயிரக்கணக்கில் துணுக்குகள். அதைத் தாங்காமல் மெஷின் அப்படியே நின்று, வெகுநேரம் கழித்துத்தான் வண்ணம் திரும்பியது.

“உன் தவளைய புஸ்தகக்காரங்க நாலு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. படம் பழசா இருக்குதாம், சாப்ட்வேர மாத்துங்கன்றாங்க. நீ மாத்துவியா? போன்ல ஏஐகிட்ட கேட்டேன், அரை நிமிஷத்துல ஒண்ணு வரைஞ்சி குடுத்துச்சி. அத்த நம்மளுதுல போட்டு கோடாக்கி அனுப்பிட்டேன். இன்னா இப்போ? இந்தப் புஸ்தகமும் போச்சின்னா நம்மள யாரு கூப்புடுவா?”

லீலாவதி திரையைப் பார்த்தாள். நெய் தடவினாற்போல் பளபளத்துக்கொண்டு அந்தத் தவளை சிரித்தது. முன்னங்காலில் ஐந்து விரல்.

எறும்பைக்கூட மிதிக்காத ஜைன வீட்டுப் பெண், முதல் தவளைக்காக மூன்று நாள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றாள். வயிறு கிழித்து ஆணியடித்துக் கிடந்ததை எல்லாம் வரைந்தாள். மருந்து நெடியில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறமும் நம்பாமல் சிங்கவரத்து வயலில் உயிரோடு ஒன்றைப் பிடித்து, பாட்டிலில் வைத்து விரலை எண்ணிவிட்டுத் திரும்ப வயலிலேயே விட்டாள். முன்னால் நாலு, பின்னால் ஐந்து. அன்று வந்த குமட்டல் செத்ததைப் பார்த்து வந்தது. இது சாகவுமில்லை, பிறக்கவுமில்லை. இதன் காலடியில் தன் பெயர்.

“பொழுது எறங்குது, சாப்புடு” என்றார் ஜீவராஜ். ஜைன வழக்கப்படி இருட்டினால் அவள் சாப்பிட மாட்டாள். லீலாவதி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அந்தக் கவிதா பொண்ணுக்குப் போன் போடுங்க.”

“இன்னான்னு சொல்லுவ? நம்ம பொழப்ப நீயே…”

அதற்குள் போனே அடித்தது. சென்னையிலிருந்து கவிதா, புத்தகத்தைத் தயாரிப்பவள். ஜீவராஜ் எடுப்பதற்குள் லீலாவதி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“மேடம், சூப்பர் மேடம். இத்தன வருஷத்துல நீங்க போட்டதுலயே இதான் பெஸ்ட். அப்படியே உயிரோட இருக்கு. சாப்ட்வேர் மாத்திட்டீங்கதானே? மீதி நாப்பது படமும் இதே மாதிரி குடுத்துடுங்க. இத இப்பவே பிரிண்டுக்கு அனுப்பிடறேன்.”

ஜீவராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். லீலாவதி அவரைப் பார்க்கவில்லை. ராஜகிரிக் கோட்டை மலை மேல் மிச்சமிருந்த வெயில் திரையில் விழுந்து, அந்தப் பச்சை இன்னும் வழவழத்தது.

“அனுப்பு கவிதா. அதுக்கு முன்ன அதோட முன்னங்கால் வெரல எண்ணிச் சொல்லு.”