மூன்றுக்கு மூன்று

ஒன்பது மாதமாக அரிப்புக்கு மார்க் வாங்குவதுதான் என் பிழைப்பு. உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் காணாக்கடி வந்தவர்களுக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை எதுவரை கூட்டலாம் என்பது என் மேற்படிப்பு ஆய்வு. அந்தத் தடிப்பு ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம் பார்த்து மறைந்துவிடும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லீங்க" என்பார்கள். கால் ஒடிந்தாலும் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அதுதான் பதில். அதனால் ஆளுக்கொரு நோட்டு. அரிப்பு இல்லாத நாளுக்குப் பூஜ்யம், தாங்க முடியாத நாளுக்கு மூன்று.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நாற்பதாவதாக வந்த பழனியாத்தாளிடம், "தினம் மூணுக்கு மார்க் போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு முறையும் நோட்டு முழுக்க மூன்று. இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி, தினம் நான்கு மாத்திரை வரை வந்துவிட்டேன்.

எட்டாவது வாரம் வந்தவருக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"ஏனுங்க அம்மணி, மாத்திரையக் கொஞ்சம் கொறைக்க முடியுங்களா? மிசின்கிட்ட நின்னுட்டே தூங்கிப்போடறேன். இனி வர வேண்டாம்னு நேத்து சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாருங்க."

"அரிப்பு இன்னும் மூணுலயே நிக்குது. கொறச்சா தாங்குவீங்களா?"

"அரிப்பு நின்னு ஒண்ணரை மாசமாச்சுங்களே."

எனக்கு எரிச்சல் வந்தது. நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். "அப்ப இதெல்லாம் என்னங்க?"

"அது உங்களுக்குப் போட்ட மார்க்குங்க. எவ்வளவு தன்மையாப் பேசறீங்க. முட்டை போட்டா உங்கள ஃபெயிலாக்கிப்போட மாட்டாங்களா?"

சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகை வந்தது. ஒரு வாக்கியம் பேசச் சோம்பல்பட்டு ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

மாத்திரையை ஒன்றாக்கினேன். மில்லுக்குக் கடிதம் எழுதினேன்: இவர் தூங்கியது மருந்தினால். அளவைக் கூட்டியது என் தவறு. திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பழனியாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இத அடிச்சுப்போடுங்க அம்மணி. எனக்கு வேற மில்லு கெடைக்கும். உங்க படிப்பு கெட்டுப்போகக் கூடாதுங்க."

நான் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன்.