டிரம்முல போட்டு ஓட்டணும்

எங்கள் ஊரில் ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்ட மாட்டான். டிரம்மில் போட்டு ஓட்டிடுவேன் என்பான். தோல் பதனிடும் டேனரிகளில் சுண்ணாம்புத் தண்ணீரில் தோலைப் போட்டுச் சுற்றவிடும் பெரிய மர டிரம்மைச் சொல்கிறேன். குளிக்க வராத பிள்ளையைத் தாய் அதில் போடுவாள். கேரம் போர்டில் தோற்றவன் ஜெயித்தவனைப் போடுவான். எங்கள் சர்ச் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தானையே அதில் போட்டு ஓட்டினார், சபையே சிரித்தது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

இன்ஸ்பெக்டருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் தென்காசிப் பக்கத்துக்காரர்.

அதற்கு முன் என் தங்கை கரோலின் கதையைச் சொல்ல வேண்டும். 2008இல் பஜார் தெருவில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்போது ஒரு நட்புத் தளத்தில்தான் குடியிருந்தார்கள். கரோலின் வேலூரில் நர்ஸ் படிப்பை முடிக்கிற வருடம். எவனோ ஒரு புண்ணியவான் அவள் பெயரில், அவள் போட்டோவோடு, அந்தத் தளத்தில் ஒரு பக்கம் திறந்து, எங்கள் வீட்டு போன் நம்பரையும் போட்டு, வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அவளே எழுதியதுபோல் எழுதிவைத்தான். போன் அடிக்கும், அம்மா எடுப்பாள். போகப் போக ரிசீவரையே கீழே எடுத்து வைத்துவிட்டாள். கரோலின் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். சென்டருக்கு வருகிறவர்களையும் அனுப்ப வைத்தேன். ஒரு பதிலும் இல்லை. ஸ்டேஷனுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். நெட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் நாடு எங்கே போகும், இதைக் கட்டுப்படுத்த ஆள் வேண்டாமா என்று அதில் ஆவேசமாகக் கேட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, எழுதியவன் யாரென்றே தெரியாது, நாங்கள் என்ன செய்வது என்றார். மனுவை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

பூவரசன் விஷயத்தில் அமெரிக்கா குறுக்கே வரவில்லை. அவன் டேனரியில் சுண்ணாம்பு டிரம் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து நேராக என் சென்டருக்கு வருவான். அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை நான் ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போடுவேன், அவ்வளவு வாசனை. கரோலினுக்காக டேனரிப் பசங்களைக் கூட்டி வந்து புகார் அனுப்ப வைத்தவனும் அவன்தான். டேனரிக் கழிவு இறங்கி அவன் தெரு போர்வெல்லில் தண்ணீர் செங்கல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. அதைப் போட்டோ எடுத்து அந்தத் தளத்தில் போட்டான். இதற்கு என்னதான் வழி என்று கீழே யாரோ கேட்டிருந்தார்கள். பூவரசன் பதில் எழுதினான்: "மேனேஜர் சாரை டிரம்முல போட்டு ஓட்டணும். அப்பதான் வெளுப்பாரு."

சொந்தப் பெயர், சொந்த முகம், வேலை பார்க்கும் டேனரி எல்லாம் அவன் பக்கத்திலேயே இருந்தது. ஒளிய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. டீக்கடையில் சொல்வதை அங்கேயும் சொன்னான், அவ்வளவுதான். மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் ஷிப்டுக்குப் போனவனை டேனரி கேட்டிலேயே வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். கொலை மிரட்டலாம்.

எழுதிய இடம் என் சென்டர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். பூவரசன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் டிரம் கதையை இன்ஸ்பெக்டருக்கு முழுக்கச் சொன்னேன். பிள்ளை, கேரம் போர்டு, பாஸ்டர், சாத்தான் ஒன்றையும் விடவில்லை. கொலை பண்ணப் போகிறவன் மேனேஜருக்கு சார் போட்டு எழுதுவானா என்றுகூடக் கேட்டேன். ஏட்டு உள்ளூர்க்காரர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போன வருடம் டிரம்மைக் கழுவ உள்ளே இறங்கிய ஒருவன் செத்தானே, அது உண்மையா பொய்யா என்றார். உண்மைதான். அப்படியானால் டிரம்முக்குள் போட்டு ஓட்டினால் ஆள் சாவானா மாட்டானா என்றார்.

"சாவான் சார். ஆனா இது வேற சார்."

"சாவான்னு சொன்னாருல்லா, அத மட்டும் எழுதும்," என்றார் ஏட்டிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கையைப் பற்றி அவ்வளவு எழுதியவனைப் பிடிக்க முடியவில்லை, இவனை மட்டும் பிடித்துவிட்டீர்களே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மேஜைக் கண்ணாடியைத் தூக்கி என் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கட்டுப்படுத்தணும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீய? இப்ப கட்டுப்படுத்துனா வேண்டாங்கிறீய. நான் எதைத்தான் செய்ய?"

என் கையெழுத்தேதான். வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். அந்தத் தாளை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். பூவரசன் கீழேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடுண்ணா," என்றான். "எழுதினது நான்தான?"

அவனை வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். டேனரி வேலையும் போனது. ஜாமீனில் வந்த பிறகு சென்டர் பக்கம் அவன் வரவே இல்லை. மற்றப் பசங்களும் ஆளாளுக்கு வந்து தாங்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடி அழித்தார்கள், பிறந்தநாள் வாழ்த்தைக்கூட விடவில்லை. தண்ணீர் போட்டோவும் தளத்தில் காணாமல் போனது. போர்வெல் மட்டும் அதே செங்கல் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது.

கரோலின் பெயரில் திறந்த பக்கமும் அப்படியே இருந்தது.

ஒரு மதியம் அவளே சென்டருக்கு வந்தாள். வீட்டைவிட்டு வெளியே வந்ததே பெரிது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மூலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பிறகு பதில் எழுதும் கட்டத்தில் தட்ட ஆரம்பித்தாள். நான் பின்னால் போய் நின்றேன். உன்னை டிரம்முல போட்டு ஓட்டணும்டா என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

"அனுப்பட்டுமாண்ணா?" என்றாள்.

அனுப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. பூவரசன் தரையில் உட்கார்ந்திருந்தது கண் முன்னால் நின்றது. அனுப்பாதே என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. கரோலின் திரும்பாமலே கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் முதலில் தன் பெயரை அழித்தாள். பிறகு மற்றதையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.