கொம்புக்கரட்டின் உயரம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, என் குரல் இப்போதெல்லாம் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது, ஒரு மலை குட்டையாகிப்போன கதையைச் சொல்கிறேன், அதோ எங்கள் கொம்புக்கரட்டின் உச்சியில் கொம்பாக நிற்கிற கல்லின் நுனியை முதல் வெயில் தொடுகிறது, ஊர் முழுக்க இன்னும் இருட்டு, அந்த ஒற்றைக் கல் மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவக்கிறது, மாமா வாசலில் நின்று வேப்பங்குச்சியை மென்றுகொண்டே, பாப்பா எந்திரிச்சுட்டா புள்ள என்கிறார், நான் அடுப்பை ஊதியபடி, ஆமாங்க, நமக்கு முந்தி அவதான் எந்திரிக்கிறா என்கிறேன். மாமா என்று நான் கூப்பிட்டது என் வீட்டுக்காரர் சென்னியப்பனை, கல் உடைக்கிறவர், பாப்பா என்பது எங்கள் வள்ளாத்தாள், பேச்சு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போனவள், எங்கள் பக்கம் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, கொம்புக்கரட்டின் கிழக்கு மடியில் குழி வெட்டிப் படுக்கவைத்து மேலே மண்ணைக் குவித்துவிட்டு வருவோம், அதனால்தான் ஊரூராகப் போய்ப் பாறை பிளந்த மாமா அந்தக் கரட்டில் மட்டும் உளி வைத்ததில்லை, வைக்கவே போவதில்லை என்றுதான் நானும் இருந்தேன்.

மலைகளை உயரப்படி பிரிக்கிறார்கள் என்று அந்த வருஷம் பேச்சு வந்தது, ஒரு மட்டத்துக்கு மேலே நின்றால் சிகரம், அதில் எவரும் வெடி வைக்க முடியாது, கீழே நின்றால் வெறும் கரடு, குவாரிக்கு ஏலம் போய்விடும், அளக்க வந்தவர் தேவசகாயம் என்ற பையன், நாகர்கோவில் பக்கம், வெயிலில் மூக்கு உரிந்துபோயிருந்தது, அடிவாரத்தில் மூன்று கால் கருவியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார், கடல் மட்டத்திலிருந்து கணக்கு என்கிறார், மாமாவின் அக்கா பாவாத்தாள் சும்மா இருப்பாளா, ஏனுங் சார், கடல் அங்க கெடக்குது, கரடு இங்க கெடக்குது, ரெண்டும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கிச்சுங்களா என்கிறாள், தேவசகாயம் சிரித்த சிரிப்பில் கருவியே ஆடுகிறது, எல்லா மலைக்கும் கடல்தானம்மா தரை, உங்க மலை மட்டத்துக்கு மேலதான் நிக்குது போல, ஆனா இது தோராயம் கேட்டீங்களா, நாளை மறுநாள் உச்சிக்கு வந்து அளந்தாத்தான் செல்லும், அங்க கருவி வைக்கக் கொஞ்சம் இடம் மட்டும் சுத்தம் பண்ணி வையுங்க. மேலதான் நிக்குது என்ற அந்தச் சொல்லை மாமா வீடுவரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு வந்தார், அன்றைக்குக் களியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றார், பாப்பா போனபிறகு அவர் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை.

விருந்தாளியைச் சாய்ந்த இடத்தில் உட்காரவைத்தால் வீடு சாயும் என்பார்கள் எங்கள் ஊரில், யாராவது வருகிறார்கள் என்றால் வாசலைச் செதுக்கி மட்டம் தட்டிச் சாணி தெளிப்பது வழக்கம், கொம்புக்கரட்டின் உச்சியிலோ அந்தக் கொம்பைத் தவிர இடமே கிடையாது, ஆள் உயரத்துக்குமேல் சாய்ந்து நிற்கிற ஒரே பாறை, அதன்மேல் வந்தவர் எப்படி நிற்பார், கருவி எப்படி நிற்கும், மறுநாள் விடிந்ததும் மாமா உளியும் சம்மட்டியுமாக ஏறினார், பின்னாலேயே நானும் பாவாத்தாளும் கூடையோடு ஏறுகிறோம், டேய் சென்னி, அது தலை மாதிரி நிக்குதடா, அதுல கை வைக்காதே என்று பாவாத்தாள் பதறுகிறாள், மாமா திரும்பி, போக்கா, சந்தையில மாட்டுக்கு உசரம் பாக்கறவன் கொம்பையா சேத்து அளக்கறான், திமில் வரைக்குந்தானே, கொம்பு நீண்டா மாடு பெருசா போயிருமா என்று கேட்கிறார், எங்கள் சந்தையில் அப்படித்தான் அளப்பார்கள், கல் துண்டு துண்டாக விழுகிறது, நாங்கள் சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், பொழுது சாய்வதற்குள் உச்சி பந்திக்குப் பாய் விரித்த இடம்போல ஆகிவிட்டது, நான் சாணி தெளித்துக் கோலம்கூடப் போட்டேன்.

தேவசகாயம் மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார், கோலத்தைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், இங்க ஒரு கல்லு நின்னுச்சே, கூர்மையா, அது எங்க என்கிறார், மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, உங்களுக்காகத்தானுங்க சாமி எடுத்துட்டேன், காபி டம்ளர் வெச்சாக்கூட ஆடாதுங்க, அந்தப் பையன் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், மெதுவாக, அந்தக் கல்லோட சேர்த்துத்தான்யா மட்டத்தைத் தாண்டிச்சு, அது இல்லாம தாண்டாது என்றார், மாமா சிரிக்கிறார், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்கிறார், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். சரிவில் கொட்டியதையெல்லாம் நாங்கள் மூவரும் திரும்பச் சுமந்தோம், துண்டுகளை அடுக்கி அடுக்கி நிறுத்தினோம், பாவாத்தாள் சுண்ணாம்பு குழைத்துப் பூசினாள், இப்ப அளங்க சாமி, பழைய உசரம் வந்துருச்சுங்க என்றார் மாமா, தேவசகாயம் தலையை ஆட்டினார், முளைச்சு நிக்கிறதுதான்யா கணக்கு, மனுஷன் குவிச்சது கணக்குல வராது என்றார், முன்னாடி பார்த்ததையே எழுதிருங்களேன் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன், மேலிருந்து இன்னொருத்தர் வந்து திரும்ப அளப்பாங்கம்மா, அப்பவும் கரடுன்னுதான் வரும் என்று சொல்லி, நான் வைத்த சோற்றைத் தொடாமல் இறங்கிப் போனார், போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பாவாத்தாள் சொல்வாள், நான் பார்க்கவில்லை, நான் மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுண்ணாம்பு காய்ந்து அது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

ஏலம் போயிற்று, தெற்கிலிருந்து வெடித்துக்கொண்டே வந்தார்கள், ஒவ்வொரு வெடிக்கும் அடுக்குப்பானை ஒன்றோடொன்று பேசும், கிழக்கு மடியை அவர்கள் தொடுவதற்கு முன்னால் மாமா கூடையை எடுத்துக்கொண்டு போனார், நானும் போனேனா, போனேன் என்றுதான் நினைக்கிறேன், இல்லை, கனவில் போனேனோ, அவர் கையாலேயே தோண்டுகிறார், தோண்டத் தோண்ட மண், எது மண் எது அவள் என்று பிரித்துச் சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஒரு எலும்பு இல்லை, இடுப்பில் கட்டியிருந்த கயிறு இல்லை, இதுவா இருக்கும் புள்ள, இதா, இல்ல இதா என்று ஒவ்வொரு பிடியாக என்னிடம் நீட்டுகிறார், நான் எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்கிறேன், கூடை நிறைந்ததும் கொண்டுவந்து எங்கள் வாசலில் குவித்தார், ஐப்பசி மழை வந்து ஒரே ராத்திரியில் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு மாமா உளியைத் தொடவில்லை, எதைப் பார்த்தாலும் குந்தி உட்கார்ந்து அளப்பார், புற்றை, குப்பைமேட்டை, சந்தையில் உப்புக் குவியலை, நான் முறத்தில் புடைத்து வைத்த சோளத்தை, ஏம்புள்ள, இது சிகரமா கரடா என்பார், கரடுதானுங்க என்றால் அழுவார், சிகரமுங்க என்றால், பொய் சொல்றே, நாந்தான் தலையை எடுத்துட்டேனே என்று அதற்கும் அழுவார், எந்தப் பதிலும் அவருக்கு உதவவில்லை, கடைசியில் படுத்த படுக்கையில் தன் நெஞ்சின்மேலேயே கையை வைத்து அது ஏறி இறங்குவதை அளந்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன், ஏறியது, இறங்கியது, ஏறவில்லை.

கரடு நின்ற இடத்தில் இப்போது ஒரு பள்ளம், பச்சைத் தண்ணீர், அதன் ஆழத்தை எவரும் அளக்க வரவில்லை, பாவாத்தாளும் போய்விட்டாள், கேட்டுக்கொண்டிருப்பது நீங்கள்தான், போய்வாருங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டில் பிறந்ததெல்லாம் உங்கள் தோளைத் தாண்டி வளரட்டும், வளர்ந்ததை அளந்து பெயர் வைக்க உங்கள் வாசலுக்கு ஒருவரும் வராதிருக்கட்டும்.