அறைக்கு அளவான மெசின்

மரம் தேய்க்கிற ஒரு சாண்டர் மெசின் வாங்க மூன்று மாதம் எடுத்த மனிதரை யாழ்ப்பாணப் பட்டினம் அதற்கு முன் கண்டிருக்காது. மானிப்பாய்க் குலவீரசிங்கத்தார் ஸ்ரான்லி வீதிக் கடைக்கு அன்றைக்கு வந்தது ஐந்தாவது தடவை. சட்டைப்பையில் அளவுகள் எழுதிய தாள், கையில் அளவு நாடா. கடைக்கார யாகப்பு குருநகர் ஆள், வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்க வாற மாதிரி வாறியள், பாக்கிறியள், போறியள். ஒருக்காலாவது ஓமெண்டு சொல்லுங்கோவன்."

குலவீரசிங்கத்தார் சிரித்துவிட்டுப் பொம்பிளைகளைப் பார்க்கப் போனார். இரண்டே இரண்டு மெசின்தான். வேலை இரண்டுக்கும் ஒன்று. சாண்ட் பேப்பர் பெல்ட் பலகையின் விளிம்பைத் தேய்க்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் என்கிற நிமிர்ந்த உருளையைப் பூட்டினால் வளைவின் உட்புறத்தைத் தேய்க்கும். சுற்றுகிறபோதே மேலும் கீழும் ஏறி இறங்குவதால் மரம் ஓரிடத்தில் கருகாது, கோடும் விழாது. சின்னதை மேசையில் வைத்து வேலை செய்யலாம். ஆனால் பலம் போதாது, தூசியையும் அப்படியே வெளியே கொட்டும். பெரியது இரும்புக் கால்களோடு நிலத்தில் பூட்டுவது. தூசியை இழுக்கத் தனி மோட்டரும் பையும் அதற்கு உண்டு. ஈரமும் சாரலும் அதற்கு ஆகாது. சீமெந்து நிலமும் கதவும் உள்ள அறையொன்று வேண்டும்.

கனடாவிலிருக்கும் மைத்துனர் ஒன்று அனுப்புகிறேன் என்று நின்றவர்தான். அது நூற்றுப்பத்து வோல்ட் மெசின், இங்கே செருகினால் செருகின அன்றே புகைந்துபோகும் என்று குலவீரசிங்கத்தார் மறித்துவிட்டார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவருக்கு அது தெரியாமல் போகுமா. ஓய்வுபெற்ற பிறகுதான் வீட்டின் பின்பத்தியில், சாரலடிக்கிற திறந்த தாழ்வாரத்தில், தச்சுவேலை தொடங்கினார். இப்போது ஊர் முன்பள்ளிக்கு பிள்ளைகள் உட்கார இருபத்துநாலு சின்னக் கதிரைகள் செய்ய வேண்டும். வேப்பம் பலகை. ஒவ்வொன்றின் முதுகிலும் பிள்ளைகள் பிடித்துத் தூக்க ஒரு நீள்வட்ட ஓட்டை. அந்த ஓட்டையின் உட்புறம்தான் வில்லங்கம். விரலில் பேப்பரைச் சுற்றி ஆறு கதிரைகளைத் தேய்த்து முடித்தபோது அவருடைய விரல்நுனிகளில் தோல் இருக்கவில்லை.

"பெரிசை எடுங்கோ அண்ணை. உங்கடை வீட்டுக்காரிக்கு முட்டு, மூச்சிழுப்பு இருக்குது எண்டு நீங்கள்தானே சொன்னியள். வேப்பந்தூள் பொல்லாதது."

"வைக்க இடமில்லை, யாகப்பு."

"போனமுறை அறையொண்டு சும்மா கிடக்குது எண்டனீங்கள்."

"சும்மா கிடக்குது எண்டு நான் சொல்லேல்லை. பூட்டிக் கிடக்குது எண்டனான்." குலவீரசிங்கத்தார் அளவு நாடாவை உள்ளே சுருட்டினார். "அது மகன்ரை அறை."

யாகப்புவுக்கு மேலே கேட்கத் தேவையிருக்கவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இங்கே இருந்த எவருக்கும் அப்படியொரு அறையைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார்.

"அம்மாட்டை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"அவள் தாங்கமாட்டாள்."

இந்த ஒரு வசனத்தைக் குலவீரசிங்கத்தார் பதினேழு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்தார். மகன் நிருஷன் பத்தொன்பது வயதில் ஒரு காலை கணினி வகுப்புக்கென்று சைக்கிளில் போனான். சைக்கிள் மட்டும் ஒரு மதிலோரம் கிடந்தது. வான் வண்டியொன்றில் அவனை ஏற்றினதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார், மறுநாள் அவரே தான் ஒன்றும் காணவில்லை என்றார். காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழாவது எடுத்து வையுங்கோ என்று படிவத்தோடு வந்த அலுவலரைக் குலவீரசிங்கத்தார் படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அவள் தாங்கமாட்டாள். சொந்தக்காரர் ஒருவர், ஒரு படமாவது மாட்டி விளக்கு வைக்கலாமே என்று வாய்தவறிச் சொன்னார். அந்த மனிதரோடு அன்றோடு கதை இல்லை. அவள் தாங்கமாட்டாள்.

அறையின் பூட்டுக்குரிய திறப்பு மனைவி அருந்ததியிடம்தான். வெள்ளிக்கிழமைகளில் கூட்டுவதற்குத் தும்புத்தடியோடு உள்ளே போவாள், கதவைச் சாத்துவாள், அரை மணித்தியாலம் கழித்துத்தான் வருவாள். அந்த நேரம் பார்த்துக் குலவீரசிங்கத்தாருக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். பதினேழு வருடத்தில் அவர் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. தாய்க்காரியின் இடத்தில் நமக்கென்ன அலுவல் என்பது அவருடைய நியாயம். நியாயம் சொல்ல யாழ்ப்பாணத்தானுக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்.

கடையில் இன்னும் பத்து நிமிடம் நின்றார். பெரியதன் தட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சின்னதைக் காட்டினார். யாகப்பு பகிடி ஒன்றும் விடவில்லை. பெட்டியைத் தானே தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம். அருந்ததி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கையிலே முட்டுக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம். காலையிலிருந்தே இழுப்புத்தான் என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. பெட்டியில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது சின்னதெல்லே?"

"ஓம். இது காணும்."

"பெரிசுதான் தூசியை இழுக்குமெண்டு மூண்டு மாசமாச் சொன்னனீங்கள்."

"பெரிசைப் பத்தியிலை வைக்கேலாது. அறை வேணும்."

"அறை இருக்குதுதானே."

குலவீரசிங்கத்தார் பெட்டியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்காக இத்தனை காலம் எல்லாரோடும் மல்லுக்கு நின்றவருக்கு, அவள் அதை இவ்வளவு லேசாகச் சொன்னது பொறுக்கவில்லை.

"விசர்க்கதை கதையாதையும். அது நிருஷன்ரை அறை."

அருந்ததி சாமித்தட்டிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். "இப்ப ஏன் அதைத் திறக்கிறீர், வேண்டாம்" என்றார். அவள் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

கட்டில் இல்லை, மேசை இல்லை, புத்தகத் தட்டு இல்லை. சுவரில் சட்டை கொழுவுகிற நாலு ஆணி மட்டும் இருந்தது. நிலம் சுத்தமாகக் கூட்டியிருந்தது. யன்னலால் வெயில் விழுந்து அறையின் பாதியை நிறைத்தது. சுவரோரம் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. குலவீரசிங்கத்தார் வாசற்படியில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டில் எங்கை?"

"அளவெட்டியிலை, தங்கச்சி வீட்டை."

"உடுப்புகள்?"

"குடுத்திட்டன். போடுறதுக்குப் பிள்ளையள் இருந்த இடத்திலை."

"எப்ப?"

"நீங்கள் கதிர்காமக் கோயிலுக்குப் போயிருந்த கிழமை."

அது மூன்று வருடத்துக்கு முன்னைய கதை. மகன் திரும்பி வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துவிட்டு, பஸ்ஸில் இரண்டு நாள் இடுப்பொடிய வந்து இறங்கியவருக்கு இவள் பிட்டு அவித்து வைத்திருந்தாள். அன்றைக்கும் இந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது. வெறும் நாலு சுவரைக் காவல் காத்துக்கொண்டுதான் அவர் யாகப்புவிடம் அளவு கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"கேட்டால் விட்டிருப்பியளோ?"

"பிறகாவது சொல்லியிருக்கலாம்தானே. ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான்."

அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. பிள்ளைக்கு மருந்து கசக்கும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். குலவீரசிங்கத்தாருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தாங்காத மனுசி யார், தாங்காத மனுசன் யார் என்று பதினேழு வருடம் கழித்து, வெறும் அறையின் வாசலில் நின்று அந்த மனிதருக்கு விளங்கியது. உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமையிலை கதவைச் சாத்திப்போட்டு உள்ளை என்ன செய்தனீர்?"

"முந்தி அழுறனான். இப்ப பாயிலை சும்மா படுத்திருக்கிறது."

அவர் அழுதார். மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தபோது அழாதவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியே வீட்டுக்கு வந்தபோது அழாதவர், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அருந்ததி தடுக்கவில்லை. முடியும்வரை நின்றாள். இடையில் ஒருமுறை பம்மை வாயில் வைத்து இழுத்தாள்.

"இன்னுமொண்டு இருக்குது," என்றாள் பிறகு. "அதையும் இண்டைக்கே சொல்லிப்போடுறன். ரண்டு வருசமா அவனுக்குத் திவசம் செய்யிறன்."

குலவீரசிங்கத்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"கீரிமலையிலை. தங்கச்சி வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறது அதுக்குத்தான். தங்கச்சியின்ரை மகன் டிலக்ஷன் தர்ப்பை போட்டுச் செய்தவன். நிருஷனுக்குத் தம்பி முறைதானே. ஐயர் கேட்டவர், தகப்பன் இருக்கிறாரோ எண்டு. இருக்கிறார் எண்டன். அப்ப அவரெல்லோ வரவேணும் எண்டார். சுகமில்லை எண்டு பொய் சொன்னன். ரண்டாந்தரமும் அதையே கேட்டார், அதையே சொன்னன்." அவள் மூச்சுக்காக நிறுத்தினாள். "மூண்டாந்தரமும் பொய் சொல்ல ஏலாது. வாற முறை நீங்கள் செய்யுங்கோ. நான் உங்களைக் கேக்கிறது இதொண்டுதான்."

முற்றத்தில் யாரோ பெட்டியைப் பார்த்துவிட்டு, "மெசின் வந்திட்டுதோ" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். செய்யமாட்டேன் என்று சொன்னால் இவள் மறுபடியும் தனியே பஸ் ஏறிப் போவாள். செய்கிறேன் என்று சொன்னால் அவன் இனி வரமாட்டான். இந்த இரண்டைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை.

"எந்த நாளிலை செய்யிறனீர்?" என்று கேட்டார் கடைசியில்.

"அவன் போன நாளை ஐயர் பழைய பஞ்சாங்கத்திலை பாத்துச் சொன்னவர். பங்குனித் தேய்பிறை நவமி."

"அண்டைக்கு அவன் உயிரோடை எல்லோ இருந்தவன்." என்றார் அவர். "என்ரை கண்ணுக்கு முன்னாலை சாப்பிட்டவன். பின்னேரம் வாறன் அப்பா எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். உயிரோடை இருந்த நாளிலை எப்பிடித் திவசம் செய்யிறது?"

அருந்ததி மெல்லக் குந்தி, தரையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"ஓம்," என்றாள். "எனக்கு வேறை நாள் ஒண்டும் தெரியேல்லையே."